நரி நிறம் வரும்வரை: ஜப்பானிய மரபு நிறப்பெயர்களைக் கற்கத் தொடங்குவோருக்கு

ஜப்பானியச் சமையல் குறிப்பு ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். கட்லெட் பொரிக்கும் இடத்தில் ‘கிட்சுனே-இரோ’ வரும்வரை பொரிக்கவும் என்றிருக்கும். கிட்சுனே என்றால் நரி, இரோ என்றால் நிறம். வெங்காயம் வதக்கும் இடத்திலோ ‘அமே-இரோ’ வரும்வரை என்பார்கள். அமே என்பது முளைகட்டிய தானியத்தில் காய்ச்சும் பாகு. நாம் ‘பொன்னிறமாக’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை அவர்கள் நரியின் முதுகு ஒன்று, பாகின் பளபளப்பு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த நிறப்பெயர்களைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் நிறச்சதுரங்களை வரிசையாக அடுக்கிய அட்டவணையில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் மனப்பாடமாயின. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பத்துகூட மிஞ்சவில்லை. பிறகு அட்டவணையை மூடிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருப்பது எந்தச் செடி, எந்தப் பறவை, எந்த மனிதர் என்று தேடத் தொடங்கினேன். அப்போதுதான் பெயர்கள் தங்கின. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு படிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் வேண்டாம்.

முதல் படி: நான்கே சொற்கள்

அக்க, குரோ, ஷிரோ, அவோ. அகராதி இவற்றுக்குச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, நீலம் என்று பொருள் தரும். மொழியின் மிகப் பழைய நிறச்சொற்கள் இவைதாம் என்பதற்கு இலக்கணமே சாட்சி. கடைசியில் ஓர் ‘இ’ சேர்த்தால் போதும், நேரே பெயரடை ஆகிவிடும்: அக்காய், குரோய், ஷிரோய், அவோய். மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவில் ‘இரோ’வைச் செருக வேண்டும்: கீ-இரோய், சா-இரோய். பச்சையைச் சொல்லும் மிதோரிக்கும் ஊதாவைச் சொல்லும் முராசாகிக்கும் அந்த வசதியும் கிடையாது.

அக்க என்பது வெளிச்சத்தைக் குறிக்கும் ‘அக்காருய்’ என்ற சொல்லோடும், குரோ என்பது இருட்டைக் குறிக்கும் ‘குராய்’ என்ற சொல்லோடும் உறவுடையவை என்பது பரவலான விளக்கம். அதாவது இவை முதலில் நிறங்களாகப் பிறக்கவில்லை. விடிந்தது, இருட்டியது என்ற அளவில்தான் இருந்தன. ஷிரோ தெளிவாகத் தெரிவது. அவோ இடைப்பட்ட மங்கல். இதை மனதில் வைத்துக்கொண்டால் அவோ ஏன் இவ்வளவு பரந்து கிடக்கிறது என்பது புரியும். போக்குவரத்து விளக்கின் பச்சை ‘அவோ’தான். பச்சை ஆப்பிள் ‘அவோ-ரிங்கோ’, இளந்தழை ‘அவோ-பா’. மிதோரி என்ற சொல்லுக்கு மூலப்பொருள் துளிர். பிறந்த குழந்தையை ‘மிதோரி-கோ’ என்பதும் அந்தப் பசுந்துளிர்ப் பொருளில்தான். ஆகவே, பழைய உரையில் அவோ என்று கண்டால் உடனே நீலம் என்று எழுதிவிடாதீர்கள். எந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: பெயரை உடைத்துப் பழகுங்கள்

முன்னொட்டுகள் சில தெரிந்தால் பாதிப் பெயர்கள் தாமாகத் திறக்கும். ‘உசு’ வெளிர், ‘ஃபுகா’ ஆழ்ந்த, ‘வாகா’ இளைய. மூங்கிலை வைத்தே பார்க்கலாம்: வாகாதாகே-இரோ இளமூங்கில், அவோதாகே-இரோ பச்சை மூங்கில், ஓய்தாகே-இரோ முதிர்ந்த மூங்கில். முதலாவது தெளிந்த இளம்பச்சை. கடைசியில் சாம்பல் ஏறிய மங்கல் பச்சை. ஒரே செடியின் வயதுதான் மூன்று நிறங்கள்.

சில பெயர்களில் முக்கியமான சொல்லே இருக்காது. ‘கோக்கி-இரோ’ என்றால் வெறுமனே ‘அடர்ந்த நிறம்’. என்ன நிறம்? ஊதா. ‘உசு-இரோ’, ‘வெளிர் நிறம்’; அதுவும் ஊதாதான். அரசவையில் ஊதா எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நிறம் என்று சொன்னாலே அதுதான் என்கிற அளவுக்கு இருந்திருக்கிறது.

மூன்றாம் படி: ஒரு சாயத்தைக் கடைசிவரை பின்தொடருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எடுத்துக்கொள்ள வேண்டிய சாயம் ‘அய்’, நீலச்சாயம்.

நம் அவுரி வேறு, இது வேறு. அவுரி பயறுக் குடும்பத்துச் செடி. ஜப்பானில் வளர்ப்பது ‘தாதே-அய்’, வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த, நீர்ப்பாங்கான இடத்தில் வளரும் சிறு செடி. இரண்டிலிருந்தும் கிடைக்கும் நீலப்பொருள் ஒன்றேதான். பழைய அவா நாடு, இன்றைய தொகுஷிமா மாவட்டம், இதற்குப் பெயர்பெற்றது. காய்ந்த இலைகளைக் குவித்து, தண்ணீர் தெளித்து, புரட்டிப் புரட்டி ஏறத்தாழ 100 நாள் மக்க வைப்பார்கள். அந்தக் கொட்டகைக்குப் பெயர் ‘நெதோகோ’, படுக்கை. குளிர் ஏறும்போது குவியலின் மேல் போர்த்தும் வைக்கோல் பாய்க்கு ‘ஃபுத்தோன்’, மெத்தை என்றே பெயர். எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்று முடிவு செய்யும் கைதேர்ந்தவர் ‘மிஸு-ஷி’, நீர் ஆசான். தூங்க வைத்து, போர்த்திவிட்டு எழுப்புவதுபோல்தான் அந்த வேலையே நடக்கிறது. கடைசியில் கிடைக்கும் கரிய மண் போன்ற பொருள் ‘சுக்குமோ’.

சுக்குமோவை மரச்சாம்பல் தெளிநீரில் கரைத்து, தவிடும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். தொட்டியின் மேல் நீலக் குமிழ் நுரை கூடி நிற்கும். அதற்கு ‘அய் நோ ஹானா’, நீலச்சாயப் பூ என்று பெயர். பூ பூத்தால் தொட்டி தயார். துணியை முக்கி எடுக்கும்போது அது நீலமாக வராது. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில் வரும். காற்றுப் பட்டதும், கண்ணெதிரே, ஓரங்களிலிருந்து நீலம் ஏறும். எத்தனை தடவை முக்கினார்களோ அத்தனை அடர்த்தி.

இப்போது பெயர்களுக்கு வருவோம். தொட்டியில் ஒரு தடவை முக்கியும் முக்காததுமாக எடுத்தால் கிடைக்கும் மிக வெளிறிய நீலம் ‘காமெனோஸோக்கி’. ‘தொட்டியை எட்டிப் பார்த்தது’ என்று பொருள். துணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டதாம். அடுத்து ‘அசாகி’, இளம் வெங்காயத்தாளின் பச்சை கலந்த நீலம். பிறகு ‘ஹனாதா’, தெளிந்த நடு நீலம். அதன்பின் ‘அய்’, அதற்கும் கீழே ‘கோன்’ என்ற கருநீலம். கடைசியில் ஏறக்குறையக் கறுப்பாகிவிட்ட ‘காச்சி-இரோ’. துணியை உலக்கையால் இடித்து நிறம் ஏற்றுவதைக் குறித்த சொல் இது. ‘வெற்றி’ என்ற சொல்லும் அதே ஒலி. போர்வீரர்கள் அந்த ஒலியை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு கவசத்தின் நூலுக்கும் உடைக்கும் இந்த நிறத்தை விரும்பினார்கள்.

அசாகியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஹெயான் காலத்தில் (794–1185) அது ஆறாம் நிலை அதிகாரியின் உடை நிறம். எடோ காலத்தில் (1603–1868), நாட்டுப்புறத்திலிருந்து தலைநகருக்கு வந்த சாமுராய்களின் உடைக்கு உள்துணி அசாகியாக இருந்ததால், நாகரிகம் தெரியாதவரைக் கேலி செய்யும் ‘அசாகி-உரா’ என்ற சொல் பிறந்தது. அதே எடோ ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் கியோத்தோவில் காவல் புரிந்த ஷின்சென்குமி படையினரின் மேலங்கியும் அசாகிதான். இன்று அந்த நிறம் அவர்களைத்தான் நினைவூட்டுகிறது. ஆக, ‘அசாகி என்றால் இன்ன பொருள்’ என்று ஒரே வரியில் எழுதிவைத்தால் தவறாகிவிடும். யார், எப்போது உடுத்தியது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

நான்காம் படி: சிவப்புகளைப் பிரித்தறியுங்கள்

நீலம் ஒரே செடியின் படிகள். சிவப்போ பல ஊற்றுகளிலிருந்து வருவது. ‘அக்கானே’ ஒரு கொடியின் வேர். ‘சிவந்த வேர்’ என்பதுதான் பெயரின் பொருளே. நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு. அந்தி வானத்தைச் சொல்ல ஜப்பானியர் இன்றும் எடுப்பது இந்தச் சொல்லைத்தான். ‘ஷு’ கனிமத்திலிருந்து வரும் செந்தூரச் சிவப்பு; கோயில் வாயில்களிலும் அரக்குப் பாத்திரங்களிலும் முத்திரை மையிலும் காண்பது. ‘பெங்காரா’ இரும்புத்துரு மண். வங்காளத்திலிருந்து வந்த மண் என்பதால் வங்காளத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது.

‘பெனி’ குசும்பாப் பூவின் சிவப்பு. குசும்பா எண்ணெய் தெரிந்தவர்களுக்குச் செடி புதிதல்ல. பூவில் மஞ்சள்தான் மிகுதி. சிவப்பு மிகச் சொற்பம். முதலில் தண்ணீரில் அலசி அலசி மஞ்சளை வெளியேற்றுவார்கள். பிறகு வைக்கோல் சாம்பல் நீரில் பிசைந்து சிவப்பை இறக்கி, புகையில் உலர்த்திய உமே என்ற ஆப்ரிகாட் இனக் காயின் புளிப்பால் அதைப் படிய வைப்பார்கள். எடோ காலப் பெண்கள் பூசிய உதட்டுச் சாயமும் இதுதான். பீங்கான் கிண்ணத்தின் உட்புறம் பூசி விற்றார்கள். காய்ந்த பெனி சிவப்பாகத் தெரியாது; பொன்வண்டு முதுகுபோல் பச்சையாக மின்னும். ஈரத் தூரிகை பட்ட இடம் மட்டும் சிவந்து கரையும். இந்தப் பூவின் சிவப்புக்கு இன்னொரு பெயர் ‘குரேனாய்’: ‘குரே நோ அய்’, அதாவது சீனத்து வூ நாட்டின் சாயம். 1999-இல் இயற்றிய தேசியக் கொடிச் சட்டம் நடுவட்டத்தின் நிறத்தைப் ‘பெனி-இரோ’ என்றே குறிக்கிறது.

நம் வீட்டுச் சமையலறையிலிருந்து நேராகப் போகக்கூடிய சிவப்பும் ஒன்று உண்டு. அது ‘சுவோ’. கேரளத்தில் குடிதண்ணீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகம்தான் அது. இந்த மரம் ஜப்பானில் வளராது. தென்னாசிய, தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. நாட்டு மருந்துக் கடையில் பதிமுகச் சீவல் வாங்கி இரண்டு டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். நான்கு கண்ணாடி டம்ளரில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் சுண்ணாம்புத் தெளிவு, ஒன்றில் படிகாரம், ஒன்றில் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர். எலுமிச்சை பட்டது மஞ்சளுக்கு இறங்கும், சுண்ணாம்பு பட்டது அடர்ந்த இளஞ்சிவப்புக்கு ஏறும், படிகாரத்தில் சிவப்பு, இரும்பில் கறுத்த ஊதா. (இவற்றைக் குடிக்க வேண்டாம்.) ஒரே மரக்கட்டை எப்படி ஜப்பானியச் சாயக்காரருக்குப் பல நிறங்களைத் தந்தது என்பது அந்த நான்கு டம்ளரில் தெரிந்துவிடும். விலை கூடிய முராசாகிச் செடியின் வேருக்குப் பதிலாக இந்தக் கட்டையால் ஏற்றிய ஊதாவுக்கு ‘நிசே-முராசாகி’, போலி ஊதா, என்றே பெயர் வைத்தார்கள்.

சிவப்பு டம்ளரைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

ஐந்தாம் படி: யார் உடுத்தலாம், யார் உடுத்தக் கூடாது

603-இல் ஜப்பானிய அரசவை பன்னிரண்டு படிநிலைகளைத் தொப்பியால் வேறுபடுத்தும் முறையைக் கொண்டுவந்தது. பின்னாளில், 757-இல் நடைமுறைக்கு வந்த யோரோச் சட்டத்தில் உடை நிறங்கள் வரிசையாக வகுக்கப்பட்டன: முதல் நிலைக்கு அடர் ஊதா, இரண்டு, மூன்றுக்கு வெளிர் ஊதா, நான்குக்கும் ஐந்துக்கும் செம்மை, ஆறுக்கும் ஏழுக்கும் பச்சை, அதற்குக் கீழே ஹனாதா நீலம். தூரத்திலிருந்து வருபவரின் பதவி அவர் முகம் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பிறருக்கு விலக்கப்பட்ட நிறங்கள் ‘கின்ஜிக்கி’. அவற்றில் உச்சியில் இருப்பது ‘கோரோஸென்’, பேரரசர் மட்டுமே உடுத்தும் நிறம். 820-இல் சாகா பேரரசர் காலத்தில் வகுத்தது. 927-இல் முடிந்த ‘எங்கிஷிகி’ என்ற நிர்வாக விதித் தொகுப்பில் அதன் செய்முறையே இருக்கிறது: ஒரு பட்டுத்துணிக்கு 14 கின் (பழைய எடை அளவு) ஹாஸெ மரக்கட்டை, 11 கின் சுவோ, காடி, சாம்பல், எத்தனை சுமை விறகு என்பது உட்பட. ஹாஸெ மஞ்சள் தரும். சுவோ, உங்கள் டம்ளரில் இருக்கும் அதே பதிமுகம், சிவப்பு தரும். இரண்டும் கலந்த பழுப்பு வெளிச்சத்துக்குத் தக்கபடி மஞ்சளாகவும் செம்மையாகவும் மாறும். 2019 அக்டோபர் 22 அன்று பேரரசர் நருஹிதோ அரியணை ஏறியதை அறிவித்த விழாவில் உடுத்தியது கோரோஸென் அங்கிதான். பட்டத்து இளவரசரின் நிறம் ‘ஓனி’, உதிக்கும் சூரியனின் செம்மஞ்சள். 2020 நவம்பர் 8 அன்று, தம்மைப் பட்டத்து இளவரசராக அறிவித்த விழாவில், அகிஷினோ இளவரசர் அதை உடுத்தினார். இந்த இரு விழாக்களின் படங்களையும் தேடிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நிறச்சட்டம் நம் காலத்திலும் நடப்பதை அதில் காணலாம்.

துக்கத்துக்கும் நிறம் இருந்தது. ஹெயான் காலத்தில் அது ‘நிபி-இரோ’ என்ற மங்கல் சாம்பல். இறந்தவர் எவ்வளவு நெருங்கியவரோ அவ்வளவு அடர்த்தி. இன்று காணும் கறுப்புத் துக்க உடை மேற்கத்திய வழக்கம் வந்தபின் பரவியது. அதற்கு முன் வெள்ளை உடுத்தினார்கள். ஆகவே வெள்ளை என்றால் தூய்மை என்று மட்டும் எழுதிவைத்துக்கொண்டால் பாதிதான் தெரியும்.

ஆறாம் படி: நிறத்தின் மேல் நிறம்

‘காசானே நோ இரோமே’ என்பது நிறங்களை அடுக்கும் கலை. ஹெயான் அரசவைப் பெண்கள் பல அடுக்காக உடுத்தினார்கள். கழுத்திலும் கைவிளிம்பிலும் எல்லா அடுக்குகளும் வரிவரியாகத் தெரியும். அந்த அடுக்குகளின் சேர்க்கைக்குத்தான் பெயர். ‘சகுரா’ (செர்ரிப் பூ) என்ற சேர்க்கையில் மேலே வெள்ளை, அடியில் சிவப்பு. மெல்லிய பட்டின் ஊடாகச் சிவப்பு கசிந்து பூவின் நிறம் வரும். சகுரா நிறத்தில் நூலைச் சாயமிட வேண்டிய தேவையே இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது ‘யுகி நோ ஷித்தா’, பனிக்கு அடியில். மேலே இரண்டு அடுக்கு வெள்ளை. அதன்கீழ் மூன்று அடுக்கு, செம்மையான உமேப் பூவின் நிறம், படிப்படியாக மாறும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு அவோ. முதல் படி நினைவிருக்கிறதா? அந்த அவோ நீலமில்லை, பச்சை. பனி, அதனடியில் மலர்ந்த பூ, அதனடியில் தழை. ஐந்தாறு துணிகளால் ஒரு காட்சியே அமைத்துவிட்டார்கள்.

இதில் பருவம் தவறக்கூடாது. பூ மலர்வதற்குச் சற்று முன்பே அந்தச் சேர்க்கையை உடுத்துவது நயம். உதிர்ந்தபின் உடுத்துவது பிழை. பெயரை எழுதும்போது பக்கத்தில் மாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பழுப்பும் எலியும்

எடோ காலத்தில் ஆடம்பரத் தடைச் சட்டங்கள் திரும்பத் திரும்ப வந்தன. பளிச்சென்ற நிறங்களும் விலையுயர்ந்த துணிகளும் வணிகருக்கும் கைவினைஞருக்கும் ஆகாது என்றானது. பழுப்பு, சாம்பல், நீலம் இவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. மக்கள் அந்தக் குறுகிய இடத்துக்குள்ளேயே நுணுகிப் போனார்கள். ‘ஷிஜூஹச்சா ஹியாக்கு நெஸுமி’ என்பார்கள்: நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு எலி. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஏராளம்’ என்பதுதான் பொருள். சாம்பல் நிறத்துக்கு ‘நெஸுமி’, எலி, என்று பெயர். நகரம் அடிக்கடி தீப்பிடித்து எரிந்ததால் சாம்பல் என்ற சொல்லைத் தவிர்த்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு.

பழுப்புகளில் பல கபுக்கி என்ற மரபு நாடகத்தின் நடிகர்களின் பெயரைத் தாங்கியவை. ரோக்கோ-சா, இரண்டாம் செகாவா கிக்குனோஜோவின் கவிப்பெயரால் வந்தது. பச்சை ஏறிய பழுப்பு. ஷிகான்-சா, தன்ஜூரோ-சா எல்லாம் அப்படித்தான். ரசிகர்கள் மேடையில் கண்டதைக் கடையில் கேட்டு வாங்கினார்கள். எலிகளில் ‘ரிக்யூ-நெஸுமி’யைத் தெரிந்துகொண்டால் போதும்: தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவின் பெயர், தேயிலைப் பச்சை ஏறிய சாம்பல். அவர் 1591-இல் இறந்தார். பெயரோ அதற்கு வெகுகாலம் பின்னால் சூட்டியது. அவர் உடுத்திய நிறம் என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, வழுக்கும் இடங்கள்

ஒலி ஒன்று, நிறம் வேறு. வெங்காயத்தாள் அசாகியைப் போலவே ஒலிக்கும் இன்னொரு அசாகி இருக்கிறது, ‘வெளிர் மஞ்சள்’ என்று பொருள்தரும் வேறு எழுத்துகளில் எழுதுவது. இரண்டையும் பழைய காலத்திலேயே குழப்பியிருக்கிறார்கள். எழுத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

பறவை மாறிப்போவதும் உண்டு. ‘உகுயிசு-இரோ’ என்றால் பலர் பளிச்சென்ற இளம்பச்சை என்று நினைக்கிறார்கள். உகுயிசு புதருக்குள் ஒளிந்து பாடும் பறவை. குரல் கேட்கும், உருவம் தென்படாது. உமே மரத்தில் வந்து உட்காரும் பச்சைக் குருவி ‘மெஜிரோ’. கண்ணில் படுவது அது, காதில் விழுவது இது. உண்மையான உகுயிசு மங்கிய பழுப்புப் பச்சை.

திரையில் வரும் நிறக்குறியீட்டை உண்மையான நிறமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செடிச்சாயம் தண்ணீரோடும் பருவத்தோடும் மாறும். அச்சுக்கோ வடிவமைப்புக்கோ நிலையான எண் வேண்டுமென்றால் ஜப்பானியத் தொழில் தரநிலை ஜிஸ் இஸட் 8102-ஐப் பாருங்கள். அதிலுள்ள 269 வழக்கு நிறப்பெயர்களில் 147 ஜப்பானியப் பெயர்கள்.

இனி ஒரு குறிப்பேடு போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிறம்: பெயர், அது எந்தப் பொருள், யார் உடுத்தினார்கள், எந்த மாதம். நிறத்தைப் பூசுவது கடைசியில். முதல் பக்கத்துக்குத் ‘தோக்கி-இரோ’வை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை. தோக்கி ஒரு கொண்டை அரிவாள்மூக்கன். உட்கார்ந்திருக்கும்போது வெள்ளைப் பறவையாகத்தான் தெரியும். சிறகு விரித்துப் பறக்கையில் இறகுகளில் செம்மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு ஒளிரும். அதுதான் அந்த நிறம். எடோ காலத்தில் பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த பறவை. ஜப்பானில் பிறந்தவற்றில் கடைசியாக எஞ்சியிருந்த கின் என்ற பெண்பறவை 2003-இல் சாதோ தீவில் இறந்தது. அதற்கு முன் சீனாவிலிருந்து வந்த இணையின் வழித்தோன்றல்களை வளர்த்து, 2008 செப்டம்பரில் பத்துப் பறவைகளைச் சாதோவின் வயல்களில் பறக்கவிட்டார்கள். இப்போது அங்கே நெல்வயல்களுக்கு மேல் அந்த நிறத்தைப் பார்க்கலாம்.